கைக்குட்டை போட்ட இடம்

எங்கள் பள்ளியில் இரண்டு ஆங்கிலச் சொற்களைச் சேர்த்து ஒரு சொல்லாக எழுத வேண்டுமென்றால், அதற்கு முன் கோவிலில் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிக்க வேண்டும். கல்யாணத்துக்கு வாசிக்கிற அதே ஓலைதான். இன்ன சொல்லும் இன்ன சொல்லும் இணைய இருக்கின்றன, தடை தெரிந்தவர்கள் எழுந்து சொல்லலாம் என்று பிரசங்கத்துக்கு முன் ஐயர் அறிவிப்பார். சபையில் இரண்டு பேர் இருமுவார்கள். மூன்றாம் ஓலை முடிந்து வருகிற திங்கட்கிழமை, இரண்டாம் வகுப்புக் கரும்பலகையில் அந்த இரண்டையும் நான் சேர்த்து எழுதுவேன்.

என் பெயர் எப்சிபா. ஆறுதல்புரத்தில் பதினேழு வருஷமாக இரண்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். எங்கள் பக்கம் சர்ச்சைக் கோவில் என்றும், பாதிரியாரை ஐயர் என்றும், கோவிலைக் கூட்டி மணியடித்துப் பார்த்துக்கொள்கிறவரைக் கோவில்பிள்ளை என்றும் சொல்வோம். பள்ளிக்கூடமும் கோவிலும் ஒரே காம்பவுண்டுக்குள் இருக்கின்றன.

ஓலை வாசிக்கிற வழக்கம் முன்பு கிடையாது. எனக்கு முன்னால் இருந்த டீச்சர் பரீட்சைக்கு முந்தின நாள் அவசர அவசரமாக நான்கு ஜோடிச் சொற்களை ஒரே காலையில் சேர்த்துவிட்டார். சேரும்போது இடமில்லாமல் போன எழுத்துகள் பலகையிலிருந்து இறங்கி, எங்கே போவதென்று தெரியாமல் சாயங்கால மணி வரை வராந்தாவில் நின்றன. அன்றைக்கென்று மழை வேறு. அதில் ஓ என்ற எழுத்து ஒன்றுக்கு ஒரு வாரம் காய்ச்சல். சொந்தக்காரர்கள் யாருக்கும் தகவல் சொல்லாமல் ஒருவரை வீட்டை விட்டு இறக்குவது சரியா என்று சபையார் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அந்த டீச்சர் மாற்றலாகிப் போனார்.

இப்போது எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. உதாரணமாக டூ, நாட் இரண்டும் சேர்ந்தால் டோன்ட். நாட் என்ற சொல்லின் நடுவில் இருக்கிற ஓ எழுந்து இடம் விட வேண்டும். அது பலகையிலிருந்து இறங்கும்போது பிள்ளைகள் எழுந்து நிற்பார்கள். வாசலில் கோவில்பிள்ளை வேதமாணிக்கம் குடையோடு காத்திருப்பார். மழை இல்லாவிட்டாலும் குடை உண்டு. அவர் அதைக் கூட்டிக்கொண்டு போய்க் கோவிலுக்குப் பின்னால் இருக்கிற வெஸ்ட்ரி என்ற சின்ன அறையில் விடுவார். அங்கே அறுப்புப் பண்டிகைப் பாய்களும் ஓடாத ஒரு ஆர்மோனியமும் கிடக்கின்றன. எழுத்துகள் பாயில் படுத்துக்கொள்ளும். பலகையிலிருந்து இறங்கும்போது முழங்கால் உயரம்தான் இருக்கும், நல்ல காற்றோட்டத்தில் கொஞ்சம் வளரும். மழையில் நனைந்த அந்தப் பழைய ஓ இப்போது என் தோளுக்கு வரும். மற்றவை சாதுவானவை. ஏ மட்டும் ஜன்னல் ஓரத்துக்குச் சண்டை போடும் என்று வேதமாணிக்கம் சொல்வார்.

எழுந்து போன எழுத்தின் இடத்தில், கொஞ்சம் மேலே, ஒரு சின்னக் குறி போடுவோம். அப்பாஸ்ட்ரஃபி என்று அதற்குப் பெயர். ஏழு வயசுப் பிள்ளைகளின் வாயில் அந்தப் பெயர் நுழையாது. அதனால் நான் அதைக் கைக்குட்டை என்று சொல்லிக்கொடுத்தேன்.

எங்கள் கோவிலில் ஆராதனை நடுவே யாராவது எழுந்து வெளியே போக நேர்ந்தால், உட்கார்ந்த இடத்தில் கைக்குட்டையைப் போட்டுவிட்டுப் போவார்கள். அவர்கள் திரும்பி வரும் வரை அங்கே யாரும் உட்காரக் கூடாது. கைக்குட்டையைத் தொடவும் கூடாது. போட்டவர்தான் எடுக்க வேண்டும். பெண்கள் பக்கம் ஐந்தாவது பெஞ்சின் ஓரத்தில் நீலக் கரை போட்ட ஒரு வெள்ளைக் கைக்குட்டை மூன்று வருஷமாகக் கிடக்கிறது. லில்லி புஷ்பம் என்ற பெண் போட்டுவிட்டுப் போனது. காய்ச்சல் அதிகமாகி இரண்டாம் பாட்டின்போது எழுந்தாள். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், அங்கிருந்து கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். கைக்குட்டையை அவள் எடுக்கவில்லை, ஆகவே அது அங்கேயே இருக்கிறது. கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு நிற்க இடமில்லாத கூட்டம் வந்தாலும் அந்த இடம் காலியாகவே இருக்கும். வேதமாணிக்கம் அதைச் சுற்றித் தூசி தட்டுவார்.

அதைத்தான் வகுப்பில் உதாரணமாகச் சொன்னேன். போனவர்களைப் போய்விட்டார்கள் என்று சொல்லக் கூடாது, எழுந்து போயிருக்கிறார்கள் என்றுதான் சொல்ல வேண்டும், இடம் எப்போதும் அவர்களுடையது என்றேன். பிள்ளைகளுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. பதினேழு வருஷத்தில் அப்படிப் புரிந்ததே இல்லை. முதல் வரிசையில் இருந்த கெசியா மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். லில்லி புஷ்பம் அவளுடைய அம்மா. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கைக்குட்டைக்குப் பக்கத்தில் உட்காருகிறவள் அவள்தான். அந்த உதாரணத்தைச் சொல்லும் முன் நான் கொஞ்சம் யோசித்திருக்கலாம். பாடம் நன்றாக ஏறுகிற சந்தோஷத்தில் எனக்குக் கண் தெரியவில்லை.

அதோடு விட்டேனா? விதியை மனப்பாடம் செய்ய ஒரு வரியும் சொல்லிக்கொடுத்தேன். ரெண்டு பேர் சேர்ந்தால், நடுவிலே உள்ள சின்னவங்க எழுந்திருக்கணும். பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு தினமும் காலையில் இதை ராகம் போட்டுச் சொன்னார்கள்.

அந்த ஜூலை மாதத்தில்தான் ஐயரின் மனைவி ஐயரம்மா என்னைக் கூப்பிட்டு, கெசியாவின் அப்பா ஆசீர் பொன்ராஜுக்கு என்னைப் பெண் கேட்டார். எனக்கு நாற்பத்தொன்று நடந்துகொண்டிருந்தது. என் கல்யாணப் பேச்சை ஊர் விட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, நானும் விட்டுவிட்டேன். அவர் மின்வாரியத்தில் லைன்மேன். கம்பத்தில் ஏறினால் மளமளவென்று வேலை செய்வார், தரையில் இறங்கினால் பேச்சு வராது. ஒருநாள் பள்ளிக்கூட ஃப்யூஸைப் போட வந்தவர், எல்லா அறையிலும் விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு, என் அறையில் மட்டும் இரண்டு தடவை போட்டுப் பார்த்தார். எனக்கு அது போதுமாக இருந்தது. சரி என்றேன். சந்தோஷமாகவே சொன்னேன்.

ஓலைத்தாளில் அந்த மாதம் ஏற்கெனவே ஒரு ஜோடி இருந்தது, ஐம் என்று சேரப்போகிற ஐ என்ற ஆங்கிலச் சொல்லும் ஆம் என்ற ஆங்கிலச் சொல்லும். ஐயர் தாளை வீணாக்குகிறவர் அல்ல. அதே தாளில் கீழே எங்கள் பெயர்களை எழுதி, முதல் ஞாயிறு இரண்டு ஜோடிகளையும் ஒரே மூச்சில் வாசித்தார். பெண்கள் பக்கம் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் கீர்த்தனைப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன் என்று பிறகு சொன்னார்கள்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கெசியா வகுப்பில் இல்லை. செவ்வாயும் இல்லை. வெஸ்ட்ரிக்குப் போகிறாள் என்று வேதமாணிக்கம் சொன்னார். எழுத்துகளோடு உட்கார்ந்து தன் டிபன் பாக்ஸைப் பிரிக்கிறாளாம். ராத்திரி கொசு கடிக்குமா, மழை ஒழுகுமா, பாய் சொந்தமா பொதுவா என்று விசாரித்தாளாம். ஜன்னலுக்குப் பக்கத்தில் ஓர் இடம் கேட்டாளாம். ஏ கூட மறுபேச்சில்லாமல் நகர்ந்து கொடுத்ததாம்.

"நல்ல பிள்ளை டீச்சர், பாயை அவளே தட்டிப் போட்டுக்கிட்டா" என்றார் வேதமாணிக்கம்.

புதன்கிழமை நோட்டுத் திருத்த மேஜைக்கு வந்தாள். தன்னுடைய நோட்டை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். எல்லா ஜோடியும் சரியாகச் சேர்த்திருந்தாள், எல்லாக் கைக்குட்டையும் அதனதன் இடத்தில் இருந்தது.

"டீச்சர், எங்கப்பாவும் நீங்களும் சேரும்போது நடுவுல யாரு இருப்பா?"

பதினேழு வருஷத்தில் தெரிந்த கேள்விக்குத் தப்பான விடை சொன்னதில்லை. அவளும் விடை தெரிந்துதான் கேட்டாள், நான் சரியாகச் சொல்கிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீதான்" என்றேன்.

"சரி டீச்சர். கைக்குட்டை பள்ளிக்கூடத்துல தருவீங்களா, நானே கொண்டு வரணுமா?"

சொந்தக் கைக்குட்டையாக இருக்க வேண்டும் என்பது விதி. அதையும் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு இடத்தில் போய் உட்கார்ந்தாள். அவள் நோட்டில் சரி என்று போட என் கை வரவில்லை. அன்று என்னை எனக்கே பிடிக்கவில்லை.

சாயங்காலம் ஆசீர் பொன்ராஜிடம் பேசினேன். கம்பத்தின் கீழ் நின்று அண்ணாந்து பேச வேண்டியிருந்தது. அவர் முழுவதும் கேட்டார். பிறகு கீழே இறங்கி, பெல்ட்டை அவிழ்த்து, சுருட்டி, மறுபடி அவிழ்த்தார். வீட்டில் பிள்ளை ஒரு பழைய பாவாடையை வெட்டிக் கைக்குட்டைக்கு ஓரம் தைத்துக்கொண்டிருக்கிறாள், எதற்கு என்று கேட்டதற்குப் பாடம் என்றாள், நான் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தேனே என்றார்.

ஐயரிடம் போனேன். அவர் விதிப் புத்தகத்தை எடுத்து இரண்டு தரம் படித்தார். ஒருவரும் எழுந்து போகாமல் இரண்டு பேர் சேர்வதற்கு வழியே இல்லை என்றார். சேராமல் அக்கம்பக்கமாக நிற்கிற சொற்கள் உண்டு, நடுவில் ஒரு விரல் இடம் விட்டு நின்றால் யாரும் போக வேண்டாம், ஆனால் அதற்கு ஓலையும் கிடையாது ஆசீர்வாதமும் கிடையாது, ஊரும் சும்மா இருக்காது என்றார். இரண்டாம் ஞாயிறு இரண்டாம் ஓலையை வாசித்தார். அந்த வாரம் முழுக்க நான் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்குக் கிடைக்க இருந்த வீட்டை நினைத்தேன். அதில் இருந்து யார் எழுந்து போக வேண்டியிருக்கிறது என்பதையும் நினைத்தேன். இரண்டையும் சேர்த்து நினைக்க என்னால் முடியவில்லை.

மூன்றாம் ஞாயிறு கெசியா கோவிலுக்கு ஒரு பையோடு வந்திருந்தாள். இரண்டு கவுன், ஒரு தட்டு, பல் துலக்கும் பிரஷ். பையை ஐந்தாவது பெஞ்சுக்குக் கீழே வைத்துவிட்டு, அம்மாவின் கைக்குட்டைக்குப் பக்கத்தில் வழக்கம்போல உட்கார்ந்தாள்.

ஐயர் மேல் ஜோடியை வாசித்தார், பிறகு எங்களை. தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று நிறுத்தினார். வழக்கமான இருமல்கள் முடிந்ததும் நான் எழுந்தேன்.

"எனக்கு ஒரு தடை இருக்குய்யா. நடுவில இருக்கிற பிள்ளை எழுந்து போறதுல எனக்குச் சம்மதம் இல்ல. எங்க பேரை அடிச்சிருங்க."

ஐயர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். சம்பந்தப்பட்டவரே தடை சொல்வதற்கு விதியில் இடமுண்டா என்று புத்தகத்தைப் புரட்டினார். இருந்தது. பேனாவை எடுத்தார். ஆண்கள் பக்கம் ஆசீர் பொன்ராஜ் எழுந்து நின்றார், நின்றுகொண்டே இருந்தார்.

அப்போது கெசியா எழுந்தாள். "அடிக்காதீங்கய்யா. நான் இடமெல்லாம் பிடிச்சு வச்சாச்சு, ஜன்னல் பக்கம். அப்பா தனியாவே சாப்பிடுதாவ. நான் சீக்கிரம் தூங்கிருதேன், அதான்."

நான் அழுதுவிட்டேன். சபையில் அழுவது எனக்குப் பிடிக்காத காரியம், ஆனாலும் அழுதேன்.

வெஸ்ட்ரிக் கதவு திறந்தது. எழுத்துகள் ஆராதனைக்கு வருவது கிடையாது. அன்று அந்தப் பழைய ஓ மட்டும் வந்தது. நடுவழியில் மெதுவாக நடந்து, ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் இடையில், எனக்கும் அவருக்கும் சரி நடுவில் வந்து நின்றது. மழையில் நனைந்ததிலிருந்து அதற்குக் கொஞ்சம் மூச்சிரைப்பு உண்டு. அது தணியும் வரை எல்லோரும் காத்திருந்தோம்.

ஐயர் புத்தகத்தை மறுபடி படித்தார். நடுவில் நிற்கிறவர் எழுந்து போக வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறது, நடுவில் பிறந்தவர் என்று எழுதவில்லை என்றார். சின்னவராக இருக்க வேண்டுமே என்று வேதமாணிக்கம் சந்தேகம் கேட்டார். அந்த வரி புத்தகத்தில் இல்லை, அது டீச்சர் ராகத்துக்காகப் போட்டது என்று ஐயர் என்னைப் பார்த்தார். எனக்கு முகம் சிவந்தது. பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். பிறகு பிரசங்கம் செய்தார். வழக்கத்தைவிட நீளமான பிரசங்கம்.

கல்யாணம் அடுத்த வியாழக்கிழமை நடந்தது. ஓ எங்கள் நடுவில் நின்றது. கெசியா ஓர் அடி தள்ளி நின்றாள். ஓ உயரமாக இருந்ததால், ஆசீர் பொன்ராஜ் அதன் வட்டத்துக்குள் இரண்டு கையையும் விட்டுத்தான் எனக்குத் தாலி கட்ட வேண்டியிருந்தது. கம்பத்தில் வேலை செய்த பழக்கம், ஒரே தடவையில் முடிச்சுப் போட்டார். ஐயர் ஆசீர்வதித்ததும் ஓ இடம் விட்டு நகர்ந்தது. வேதமாணிக்கம் குடையை விரித்தார். அதற்குக் கைக்குட்டை கிடையாது என்பது அப்போதுதான் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. கெசியா தன் பையைத் திறந்து, தான் ஓரம் தைத்த சிவப்புக் கட்டம் போட்ட கைக்குட்டையை அதற்குக் கொடுத்தாள். கொடுத்துவிட்டால் அது ஓவின் சொந்தம், ஆகவே செல்லும் என்றார் ஐயர்.

அந்தக் கைக்குட்டை இப்போது எங்கள் வீட்டில், சாப்பிடுகிற இடத்துக்கு மேலே, காற்றில் நிற்கிறது. என் வீட்டுக்காரர் மட்டும் குனிந்து போவார். சனிக்கிழமைகளில் ஓ சாப்பிட வருகிறது. குழம்பு ஊற்றினால் அதன் நடு ஓட்டையில் நிற்காது என்பதால் தோசைதான் சுடுகிறோம்.

கல்யாணம் முடிந்த முதல் ஞாயிறு, எங்கே உட்காருவது என்று எனக்குத் தயக்கமாக இருந்தது. என் பழைய இடம் மூன்றாவது பெஞ்சு. கெசியா என் கையைப் பிடித்து ஐந்தாவது பெஞ்சுக்கு இழுத்துப் போனாள். தனக்கு இந்தப் பக்கம் என்னை உட்கார வைத்தாள். அந்தப் பக்கம் நீலக் கரைக் கைக்குட்டை கிடந்தது. எனக்குக் கூச்சமாக இருந்தது. பெஞ்சின் முன் விளிம்பில் ஒடுங்கி உட்கார்ந்தேன். அடுத்தவர் இடத்தில் என் நிழல்கூட விழக் கூடாது என்று நினைத்தேன்.

இரண்டாம் பாட்டுக்கு எழுந்து நின்று பாடிவிட்டு உட்காரும்போது கெசியா என் முழங்கையைத் தொட்டாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க டீச்சர். எடம் பத்தல."

பார்த்தேன். கைக்குட்டை இல்லை. போட்டவர்தான் எடுக்க வேண்டும் என்பது விதி. நான் தள்ளி உட்கார்ந்தேன். கெசியா என் பக்கமாக நகர்ந்து, பாவாடையை ஒதுக்கி, அந்தப் பக்கம் தாராளமாக இடம் விட்டாள். முன் பெஞ்சில் இருந்த ஐயரம்மா, கெசியாவுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கால் நீட்ட வசதியாக, பெஞ்சுக்குக் கீழிருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

மூன்றாம் பாட்டுக்கு எங்களிடம் ஒரே புத்தகம்தான் இருந்தது. கெசியா நடுவில் விரித்துப் பிடித்தாள். ஃபேன் காற்றில் என் பக்கத்துத் தாள் படபடத்தது, நான் விரலால் அழுத்திக்கொண்டேன். அந்தப் பக்கத்துத் தாள் முதலிலிருந்தே அசையவில்லை.